மூன்று தடவை ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தேனா என்று யாரும் தோண்ட வேண்டாம். ஆனால் நான் கட்டி நிறுத்தியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

உத்தமபாளையத்தில் மாடியோடு சொந்த ஸ்டூடியோ. கல்யாண வீடுகளில் அடுத்தவன் கேமராவுக்கு லைட் தூக்கி நின்றவன் கட்டியது அது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா வைத்த முதல் ஆள் நான்தான். ஒன்றுக்கே வழியில்லாதவனுக்கு இரண்டு கேட்கிறதா என்று சிரித்தவர்கள், பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று கேட்டு வந்தார்கள். தலைக்கு மேலே சுற்றிவந்து எடுக்கிற ஜிம்மி ஜிப் வாங்க வசதியில்லாத காலத்தில், பழைய போர்வெல் பைப்பை வாங்கி சின்னமனூர் வெல்டிங் பட்டறையில் நானே நின்று அதைச் செய்தேன். கடமலைக்குண்டில் தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. டிராக்டர் பேட்டரியில் லைட்டை எரியவிட்டு எடுத்துக் கொடுத்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார், நான் கேமராவை நிறுத்தவில்லை. பெரியகுளம் மாந்தோப்புகளுக்கு மேலே டிரோன் விட்டேன், எல்.ஈ.டி. திரை கொண்டுவந்தேன். என்னிடம் தொழில் பழகியவர்களில் ஆறு பேர் இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கேமராவைத் தொட்டவர் கிடையாது. அதன் முன்னால் நின்றவர்களே குறைவு.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள், முகூர்த்தம் இல்லாத மாதத்தில் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். டாக்குமெண்டேஷன் என்று ஒரு வேலை இருக்கிறது. கூட்டம், பயிற்சி, பயிலரங்கம் இவற்றையெல்லாம் பதிவு செய்து கொடுப்பது. சுலபமான வேலை என்று நினைத்துப் போனேன். போன இடத்தில் நான் செய்த தப்பையும், அதை நானே சரிசெய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1. வேலை வந்த விதம்

மதுரையில் ஓர் அமைப்பில் வேலை பார்க்கும் வித்யா மேடம் ஸ்டூடியோவுக்கு வந்தார். காரை விட்டால் போக வர வேறு என்ன வழி, மண்ணுக்கும் காற்றுக்கும் கெடுதல் இல்லாத வழி எது என்று பள்ளத்தாக்கு ஜனங்களே உட்கார்ந்து வடிவமைக்கப் போகிறார்களாம். இரண்டு நாள் பயிலரங்கம். அதிகாரிகள் திட்டம் போட்டு ஜனங்கள் கேட்டுக்கொள்வது அல்ல. ஜனங்கள் போடுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். கடைசியில் ஓட்டு எடுத்து, எது ஜெயிக்கிறதோ அதை மூன்று மாதம் நிஜமாகவே நடத்திப் பார்ப்பார்கள். மற்றவை பைலுக்குள் போகும்.

“சார், அழகா வரணும்னு இல்ல. என்ன நடக்குதோ அது அப்படியே பதிவாகணும்” என்றார்.

அதைத்தானே இத்தனை வருசமாகச் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்தம்மா வந்தது பஸ்ஸில். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட நான் கூட்டிப்போனது என் காரில். வழியில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2. மணவறை எது

பயிலரங்கம் நடந்தது உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். நான் கண்ணை மூடிக்கொண்டு லைட் போடுகிற மண்டபம். என் கூட்டாளி சலீம், இருபது வருசமாக என்னோடு இருக்கிறவர், உள்ளே நுழைந்ததும், “அண்ணே, மணவறை எது?” என்றார். நல்ல கேள்வி. மேடை காலியாகக் கிடந்தது. பக்கத்துச் சுவரில் இன்னும் எழுதாத மூன்று பெரிய சார்ட் ஒட்டியிருந்தார்கள். அதுதான் மணவறை என்று முடிவு செய்து, சேப்டி கேமராவை அதற்கு நேரே உயரமான ஸ்டாண்டில் போட்டோம்.

சேப்டி கேமரா என்றால் என்னவென்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். தாலி கட்டும்போது சொந்தக்காரர்கள் எழுந்து நின்று மறைத்துவிடுவார்கள். கையில் வைத்திருக்கும் கேமராவுக்கு எதுவும் அகப்படாது. அதனால் ஒரு கேமராவை உயரத்தில் போட்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓடவிடுவோம். அதில் பெரும்பாலும் முதுகுதான் விழும். ஆல்பத்துக்கும் ஆகாது, வீடியோவுக்கும் ஆகாது. ஆனாலும் ஓட வேண்டும்.

முதல் நாள் வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். ஆளுக்கொரு காரில் தினமும் தேனிக்குப் போய் வரும் பேங்க், ஆபீஸ்காரர்கள் சிலர். காலேஜ் பிள்ளைகள் சிலர். சின்னமனூர்ப் பக்கம் வாழைக்காய் பேக்கிங் ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் பதினோரு பேர். அவர்களில் பாண்டியம்மாள்தான் பேசினார். வித்யா மேடம் கொடுத்த மேப்பில் விரலை வைத்து, ஷெட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து அனுமந்தன்பட்டி விலக்கு வரை பஸ் உண்டு என்றும், விலக்கிலிருந்து உள்ளே இருக்கிற தங்கள் ஊருக்கு சாயங்காலத்தில் ஒன்றும் கிடையாது என்றும் காட்டினார். அதனால் பதினோரு பேரும் சேர்ந்து தினமும் ஒரு வாடகை ஆம்னி வேனில் அடைந்துகொண்டு வீடு போகிறார்கள். டிரைவர் வேறு சவாரிக்குப் போய்விட்டால் நடைதான். போன மாதம் அப்படி நடந்து போனதில் ஒரு பெண் வேலையையே விட்டுவிட்டாளாம்.

“காரு வேண்டாம்ண்டு நீங்க சொல்றீக. எங்களுக்கும் வேண்டாந்தான். பஸ்ஸு விடுங்க, எறங்கிக்கிறோம்” என்றார். மண்டபமே கைதட்டியது. நான் குளோசப் எடுத்தேன். அருமையான ஷாட்.

அப்படி மூன்று யோசனை சார்ட்டில் ஏறியது. ஒன்று, ஷெட்டுகளிலிருந்து கிளம்பி விலக்கு வழியாக உள்ளூர்களுக்குப் போகும் சாயங்கால மினி பஸ். இரண்டாவது, தேனி போகிறவர்கள் நாலு பேர் ஒரே காரில் சேர்ந்து போவது. மூன்றாவது, வாய்க்கால் கரையில் சைக்கிள் பாதை. சைக்கிள் யோசனை பேக்கிங் ஷெட் முதலாளியுடையது. நல்ல மனுசர். பாதை போட்டால் ஷெட்டில் எல்லாருக்கும் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் மகள் கல்யாணம் நான் எடுத்ததுதான்.

3. கார் வந்தது

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டு. ஒட்டுவதற்கு என்று வைத்திருந்த கலர் ஸ்டிக்கரை வித்யா மேடம் மதுரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பாண்டியம்மாள் எதிரே இருந்த பேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கிவந்தார். ஆளுக்கு ஒரு பொட்டு. விரல் நுனியில் சிவப்புப் பொட்டை வைத்துக்கொண்டு பேங்க் மேனேஜர் நின்ற நிலையைப் பார்த்து, “சார், அது நெத்திக்கு இல்ல” என்றார் சலீம்.

சரியாக அந்த நேரத்தில் முதலாளி கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று சொன்னார்கள். கல்யாண வீட்டில் வளர்ந்த கை, சும்மா இருக்குமா? முக்கியஸ்தர் வந்தால் கார் கதவு திறப்பதிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் பிறகு கேட்பார்கள். நான் கேமராவோடு வாசலுக்கு ஓடினேன். வரவேற்க வித்யா மேடமும் வந்துவிட்டார். கார் இல்லாமல் போவதைப் பற்றிய பயிலரங்கத்துக்கு வந்த கார்களிலேயே பெரிய கார் அதுதான். நாலு கோணத்தில் எடுத்தேன்.

திரும்பி வந்தால், உள்ளே எல்லாரும் ஒட்டி முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே நின்ற வித்யா மேடமும் இன்னும் எண்ணவில்லை. என் கேமராவில் ஓட்டு என்பதே இல்லை. சேப்டியில் இருக்கும், ஆனால் அது முதுகு.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரே மருந்துதான். மாலை மாற்றுவது தவறிவிட்டால், மாப்பிள்ளை, இன்னொரு தடவை போடுங்கள் என்போம். போடுவார்கள். அட்சதை தவறினால் மறுபடி தூவுவார்கள். இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை. நான் மைக்கை வாங்கினேன்.

“யாரும் கோவிச்சுக்காதீக. ஒட்டுன பொட்ட எடுத்து, ஒரே ஒரு தடவை திருப்பி ஒட்டுங்க. ஒட்டிட்டு இங்கன பாத்துச் சிரிச்சாப் போதும்.”

ஸ்டிக்கர் பொட்டு லேசாக உரிந்து வரும். எல்லாரும் உரித்தார்கள். பிரேம் நிறைவாக இருக்கட்டும் என்று முதலாளிக்கு நாற்காலியைத் தூக்கி வந்து, சைக்கிள் சார்ட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தேன். லைட் போட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள், முதலாளியைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள், பொட்டு ஒட்டினார்கள், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். முப்பது வருசத்தில் எடுத்ததிலேயே சுத்தமான ஷாட். வித்யா மேடம் எண்ணினார். சைக்கிள் பாதை ஜெயித்தது. முதலாளி எழுந்து நன்றி சொன்னார்.

4. இலையை மறைத்த கை

பந்தியில் சாப்பிடுகிறவர்களை எடுப்பதும் எங்கள் வழக்கம். வரிசையாக எடுத்துக்கொண்டே பாண்டியம்மாளிடம் வந்தேன். அவர் கையை இலைக்கு மேலே வைத்து மறைத்தார். எடுத்தது போதும் என்றார். என்னத்தா கோபம் என்று கேட்டேன்.

“மொதத் தடவை நாங்க பதினோரு பேரும் ஒட்டுனது பஸ்ஸுக்குண்ணே. பேங்க்காரவுகளும், காலேஜ் பிள்ளைகளுங்கூட பாதிப் பேரு பஸ்ஸுக்குத்தான் ஒட்டுனாக. நீங்க மொதலாளியக் கொண்டாந்து சைக்கிள் பக்கத்துல உக்கார வச்சு, லைட்டையும் போட்டு, சிரிக்கவும் சொன்னா நாங்க எங்கன ஒட்டுறது?”

அவுக என்ன சொல்லிவிடப் போறாக, நல்ல மனுசன்தானே என்றேன்.

“நல்ல மனுசன்தான். அதான் சங்கடம். திட்டுற ஆளா இருந்தா வேணும்ண்டே பஸ்ஸுல ஒட்டியிருப்போம்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த வாய்க்கால் கரை அவர்கள் ஊர்ப் பக்கமே வராது. சைக்கிள் வாங்கிக் கொடுத்தாலும் அதே ஆம்னிதான், அதே நடைதான். மூன்று மாதம் நடந்திருக்க வேண்டிய பஸ், ஒரு ஷாட்டுக்காகப் போய்விட்டது.

நான் கேமராவை இறக்கினேன். ஆனால் ஒன்று சொல்வேன். நான் தப்பு செய்தால் அதைச் சரிக்கட்டும் சாமானும் என் பையிலேயே இருக்கும். நேரே சலீமிடம் போய் சேப்டியை ஓட்டச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். “முதுகுதாண்ணே இருக்கு. ஆனா எல்லாரும் உக்காந்தப்புறம் சுவரு முழுசா விழுந்திருக்கு” என்றார். நான் மைக் வாங்குவதற்கு முன்னால், ஆள் மறைக்காமல், மூன்று சார்ட்டும் பொட்டோடு நிற்கிற காட்சி. பெரிதாக்கிப் பார்த்தோம். பஸ் சார்ட்டில் பொட்டுக்குப் பக்கத்தில் பொட்டு, கொத்தாக. சைக்கிளில் நாலே நாலு.

வித்யா மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பொட்டை எண்ணிப் பார்த்தார்.

“ரெண்டு நாள் வேலை சார் இது. இனிமே எந்த ஓட்டை நான் ரிசல்ட்னு எழுதுறது?”

இரண்டையும் எழுதுங்கள் மேடம் என்றேன். முதலாளி முன்னால் இதைப் போட்டுக் காட்டினால் அந்தப் பெண்களுக்குச் சங்கடம் வராதா என்று கேட்டார். பாண்டியம்மாளையே கூப்பிட்டுக் கேட்டோம். ஆள் ஒருத்தர்கூடத் தெரியக்கூடாது, தலைமுடிகூட விழக்கூடாது என்றார். ஷெட் யூனிபார்ம் பச்சை நிறம், முதுகைப் பார்த்தாலே முதலாளிக்குத் தெரிந்துவிடும். அதனால் சுவர் மட்டும் இருக்கிற ஒரே ஒரு பிரேமை வெட்டி எடுத்தேன். பக்கத்தில் இரண்டாவது ஓட்டின் சுவரை வைத்தேன். பேசுவதை நான் பேசுகிறேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

5. பொட்டு எழுந்து போனது

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்து டி.வி.யில் இரண்டு சுவரையும் போட்டேன். மைக் பிடித்து, இடது பக்கம் இருப்பது நீங்கள் முதலில் ஒட்டியது, வலது பக்கம் இருப்பது நான் ஷாட்டுக்காகத் திருப்பி ஒட்டச் சொன்னது, நாற்காலியை அங்கே போட்டதும் நான்தான் என்று சொன்னேன். கூட்டத்தின் முன்னால் நான் தப்பு என்று ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைப் போட்டு இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் உள்ள வரவும் பொட்டு பூராம் எந்திரிச்சு சைக்கிளுக்குப் போயிருச்சா?” என்றார்.

பேங்க் மேனேஜர்தான் முதலில் சிரித்தார். பிறகு முதலாளியும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பதினோரு பேருக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது தடவை ஒட்டிவிடலாம் என்றார் வித்யா மேடம். ஆனால் யாரும் யாரையும் பார்க்காதபடி எப்படி? அந்த இடத்தில் நான் கையைத் தூக்கினேன். மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் பனிமலை வைப்பதற்கு ஒரு பச்சைத் துணி எப்போதும் என் வண்டியில் இருக்கும். அதை இரண்டு லைட் ஸ்டாண்டில் கட்டி சார்ட்டுகளுக்கு முன்னால் இழுத்துவிட்டேன். துணிக்குப் பின்னால் ஒருத்தர் போகலாம், ஒட்டலாம், வரலாம். எல்லாக் கேமராவும் ஆப். சலீம் சேப்டியின் லென்சுக்கு மூடி போட்டார். முதலாளி தானே வெளியே போகிறேன் என்றார். பாண்டியம்மாள் என்னையும் வாசல் பக்கம் கை காட்டினார்.

ஒரு விசேஷம் உள்ளே நடக்கும்போது நான் வெளியே நின்றது அன்றைக்குத்தான். முதலாளி தன் கார் மேல் சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

“ஏய்யா மொக்கராசு, என்னயப் பாத்தா பயமாவா இருக்கு?” என்றார்.

“பயமில்ல மொதலாளி. உங்க மக கல்யாணப் பந்தியில நீங்க நடந்து வந்தீக. சாப்புட்டுக்கிட்டிருந்தவன் பூராப் பேரும் எச்சிக் கையோட எந்திரிச்சு நின்னான்.”

“அத நான் கவனிக்கலயே.”

“நீங்க எப்படிக் கவனிப்பீக? நான் எடிட்டிங்ல பாத்தவன்.”

பதினோரு பேரும் ஆம்னியில் வீடு போகிற கதையை அவரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் வாடகைக் காரில் அடைந்து போவது தனக்குத் தெரியாது என்றும், ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றும் அவர் சொன்னார். கேட்டீகளா என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்கிற தைரியம் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேருக்கு இருக்கும் என்பதைப் படிக்கிறவர்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். பஸ்தான். முதல் தடவையைவிட இரண்டு பொட்டு கூடுதல். பாண்டியம்மாள் அட்டையில் மிச்சமிருந்த ஒரு பொட்டை எடுத்து என் கேமராவின் லென்சுக்கு நேரே பிடித்தார்.

“இனி திருப்பி ஒட்டச் சொன்னீகண்டா இங்கனதாண்ணே ஒட்டுவேன்.”

6. பஸ்ஸும் அறிக்கையும்

மினி பஸ் ஓடுகிறது. சாயங்காலம் ஷெட் வாசலிலிருந்து கிளம்பி, விலக்கில் திரும்பி, ஊருக்குள் போய் நிற்கிறது. பஸ் நேரத்துக்குத் தோதாக முதலாளி ஷெட் விடும் நேரத்தைக் கால் மணி முன்னால் தள்ளிவைத்தார். வேலையை விட்ட பெண் திரும்ப வந்துவிட்டாள். பேங்க்காரர்களில் மூன்று பேர் தாங்களாகவே ஒரே காரில் தேனிக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

முதல் நாள் ஓட்டத்தைப் பதிவு செய்யவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போகஸ் வைப்பதற்குள் பதினோரு பேரும் ஏறிவிட்டார்கள். கேட்டால் இறங்கி மறுபடி ஏறியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்த வீடியோ ஓடுகிற பஸ்ஸில்தான் ஆரம்பிக்கிறது. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கல்யாணத்தில் மாலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றச் சொல்லுங்கள், மாப்பிள்ளை மாறிவிட மாட்டார். மனுசர் தன் மனசைச் சொல்கிற இடத்தில் தவறிய ஷாட் தவறியதுதான். திருப்பிக் கேட்டால் வேறு மனசு வரும்.

இனி அறிக்கை. வழவழப்பான தாளில், நல்ல அச்சில் வந்திருக்கிறது. ஸ்டூடியோவுக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். சலீம் வாசிக்க நான் கேட்டேன், பிறகு நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற படம் அத்தனையும் நான் எடுத்தது. கீழே ‘படங்கள்: பயிலரங்கக் குழு’ என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் ‘மறைப்புக்குப் பின் வாக்களிக்கும் முறை களத்தில் உருவானது’ என்று இருக்கிறது. இப்போது வேறு ஊர்ப் பயிலரங்கங்களிலும் அப்படித்தான் துணி கட்டுகிறார்களாம். களம் தானாக ஒன்றையும் உருவாக்காது. துணி என்னுடையது, ஸ்டாண்டு என்னுடையது, யோசனையும் என்னுடையது.

வித்யா மேடத்துக்குப் போன் செய்தேன். தப்பாக நினைக்காதீர்கள் சார், அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது போதாது. அதனால் இங்கே அச்சிலேயே கேட்கிறேன். படங்களுக்குக் கீழே மொக்கராசு, சலீம், உத்தமபாளையம் என்று போடுங்கள். பச்சைத் துணிக்கு என் பெயரைப் போடுங்கள். இன்னும் ஓர் இடம் இருக்கிறது. ‘இரண்டாவது வாக்கெடுப்பில் நடைமுறைத் தவறு நேர்ந்தது’ என்று, யார் தவறு என்று சொல்லாமல் நாகரிகமாக விட்டிருக்கிறீர்கள். அந்தத் தவறு நடக்காமல் இருந்தால், முதலாளி இருக்கும்போது ஒரு ஓட்டும் இல்லாதபோது வேறு ஓட்டும் விழும் என்பது உங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தத் தவறும் நான் செய்ததுதான். அந்த இடத்திலும் என் பெயரைப் போடுங்கள்.